மரக்கிளையில் ஒரு மலக்கிருமி

பியூர்ட்டோ ரிக்கோ தீவின் கிழக்கே, லூகியோ மலைகளில் ஒரு மழைக்காடு இருக்கிறது. அங்கே மரக்கிளைகளில் தொற்றி வளரும் புரோமிலியாட் செடிகள் அன்னாசியின் உறவினம். இலைகள் அடுக்கடுக்காக விரிந்து, அடியில் கிண்ணம்போல் குவிந்திருக்கும். மழை பெய்தால் அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் நீர் தங்கும். தரையிலிருந்து ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்தில் இருந்த அந்த நீரை 1980-களில் டெர்ரி ஹேசன் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய சகாக்களும் எடுத்துச் சோதித்தார்கள். அதில் ஈ.கோலை இருந்தது. 1988-இல் அந்த முடிவை வெளியிட்டார்கள்.

ஈ.கோலை என்பது மனிதர், மாடு, பறவை என வெப்ப இரத்த உயிர்களின் குடலில் வாழும் பாக்டீரியா. நீரில் அது தென்பட்டால் அந்த நீரில் மலம் கலந்திருக்கிறது என்பதே உலகெங்கும் நீர்ப் பரிசோதனைக்கூடங்களின் அடிப்படை நம்பிக்கை. ஆனால் அந்தக் காட்டில் வீடு இல்லை, கழிவுநீர்க் குழாய் இல்லை. மரத்தின் உச்சியில் மனிதர் யாரும் மலம் கழிக்கவும் இல்லை.

நம் ஆறுகளையும் ஏரிகளையும் அளக்க நாம் வைத்திருக்கும் அளவுகோல் குளிர்நாட்டில் செய்யப்பட்டது. வெயிலும் ஈரமும் மிகுந்த ஊர்களில் அது இரு பக்கமும் தவறுகிறது. கழிவுநீர் கலக்காத இடத்தில் கலந்தது என்கிறது. கலந்த இடத்தில் சில வேளை வாய் திறப்பதில்லை. இந்த இரண்டு பிழைகளையும் புரிந்துகொள்ளாமல் ஒரு நகரத்தின் நீரைக் கண்காணிக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

முதலில், நோய்க்கிருமியையே நேரடியாகத் தேடாமல் ஏன் இன்னொன்றைத் தேடுகிறோம்? தேடியிருக்கிறார்கள். 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவின் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். குளத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்குக் காலரா பரவிக்கொண்டிருந்த நேரம் அது. நோய் பரவாத நாளில் அதே கிருமியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கும் அளவுக்கு அது நீரில் பெருகிவிட்டபோது ஊரில் ஏற்கெனவே சாவு விழுந்திருக்கும். மேலும் டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலை என ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கிருமி. எல்லாவற்றையும் நாள்தோறும் தேட எந்தக் கூடத்தாலும் இயலாது. எனவே நோயைத் தேடாமல் நோய் வரும் வழியைத் தேடினார்கள். வழி, மலம். தியோடர் எஷரிக் 1885-இல் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்த பாக்டீரியாதான் பின்னாளில் அவர் பெயரால் எஷரிக்கியா கோலை ஆனது. 1892-இல் வியன்னாவின் ஃபிரான்ஸ் ஷார்டிங்கர் அதை நீரின் மாசுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த யோசனைக்குள் மூன்று நிபந்தனைகள் மறைந்திருக்கின்றன. அடையாளக் கிருமி எல்லா மலத்திலும் ஏராளமாக இருக்க வேண்டும். குடலை விட்டு வெளியே வந்தபின் பெருகக் கூடாது. நோய்க்கிருமிகள் எவ்வளவு நாள் நீரில் உயிரோடு இருக்குமோ ஏறத்தாழ அவ்வளவு நாள் தானும் இருக்க வேண்டும். வியன்னாவின் ஆற்று நீரில் இம்மூன்றும் ஓரளவு பொருந்தின. முதல் நிபந்தனை எங்கும் பொருந்தும். மற்ற இரண்டும் வெப்பமண்டலத்தில் உடைகின்றன.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த டபிள்யூ. டபிள்யூ. கிளெமெஷா. வெப்பமண்டல மேற்பரப்பு நீரின் பாக்டீரியாக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1912-இல் கல்கத்தாவில் வெளியானது. இந்திய வெயிலில் திறந்து கிடக்கும் ஏரி நீரில் மலக்கிருமிகளின் வகைகள் ஒரே வேகத்தில் சாவதில்லை. சில வகைகள் சீக்கிரம் மடிகின்றன, சில தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே எத்தனை என்பதைவிட எந்த வகை எஞ்சியிருக்கிறது என்று பார்த்தால்தான் மாசு புதியதா பழையதா என்று தெரியும் என்பது அவர் வாதம். அவர் செய்த வகைப்பாடு பின்னர் பயன்பாட்டில் நிலைக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. அந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைக்க ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று.

இன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கூடத்துக்கு ஆற்று நீர் வந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கிருமி நீக்கிய பாட்டிலில் நீரைப் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். பாட்டில் வெயிலில் கிடந்தால் உள்ளே இருக்கும் கிருமிகள் பெருகவும் கூடும், சாகவும் கூடும். அங்கே லாக்டோஸ் சர்க்கரை கலந்த ஊட்டக் கரைசல் உள்ள சோதனைக் குழாய்களில் நீரைப் பகிர்ந்து ஊற்றுகிறார்கள். 10 மில்லி வீதம் ஐந்து குழாய், 1 மில்லி வீதம் ஐந்து, 0.1 மில்லி வீதம் ஐந்து. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாக நிற்கும். கோலிபார்ம் வகைக் கிருமி இருந்தால் அது சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயுவை விடும். குட்டிக் குழாயில் குமிழி தெரியும். அது மலத்தைச் சேர்ந்த வகையா என்று அறிய, குமிழி விட்ட குழாயிலிருந்து ஒரு துளியை எடுத்து 44.5 பாகை வெப்பத்தில் மீண்டும் வளர்ப்பார்கள். குடல்வாசிகள் சூட்டைத் தாங்கும், மண்வாசிகள் தாங்காது என்பது கணக்கு. இந்தச் சூட்டு யோசனையை 1904-இல் தந்தவர் கிறிஸ்டியான் எய்க்மன். டச்சுக்காரரின் ஜாவாவில் பெரிபெரி நோயைத் தீட்டிய அரிசியோடு இணைத்த அதே மருத்துவர்தான்.

குமிழி விட்ட குழாய்கள் எத்தனை என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்து, 100 மில்லியில் இத்தனை கிருமி இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று எழுதுகிறார்கள். அது எண்ணிக்கை அல்ல, புள்ளியியல் ஊகம். உண்மை மதிப்பு அதில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம், மூன்று மடங்காகவும் இருக்கலாம். நம் வாரியங்களின் அறிக்கைகளைப் புரட்டுகிறவர்கள் 240, 350, 540, 920, 1600 ஆகிய எண்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பார்கள். நீர் அப்படிப் படிப்படியாகக் கெடுவதில்லை. அட்டவணையின் கட்டங்கள் அவை. 1600 என்பதும், நீர்த்துச் சோதித்தபோது வரும் 16,000 போன்றவையும் அட்டவணையின் உச்சி விளிம்பு. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அந்த எண்ணுக்கு அந்த அட்டவணையில் இடம் இல்லை.

இந்தியாவில் குளிக்கத்தக்க நீருக்கு விதிக்கப்பட்ட அளவு: மலக் கோலிபார்ம் 100 மில்லியில் 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டு விதியில் நன்னீருக்கு ஈ.கோலை 126. அந்த 126 எங்கிருந்து வந்தது? ஆல்ஃபிரெட் டுஃபோர் என்பவர் ஈரி ஏரியிலும் ஓக்லஹோமா மாநிலத்தின் கீஸ்டோன் ஏரியிலும் நீந்தியவர்களைப் பின்தொடர்ந்து, எத்தனை பேருக்கு வயிற்றுக் கோளாறு வந்தது, அன்று நீரில் கிருமி எவ்வளவு என்று இணைத்துப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு எட்டுப் பேர் நோயுறும் அளவுக்கு ஒத்த கிருமி எண்ணிக்கையே 126. நேர்மையான, கடினமான வேலை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது அந்த இரண்டு ஏரிகளின் எண். அவ்விடங்களில் குளிர்காலத்தில் மண் உறையும். கழிவு வந்த வழியும் தெரியும்.

அந்த எண்ணோடு ஹவாய்த் தீவுகளுக்குப் போனவர்களுக்குத் தலை சுற்றியது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் நீர்வள ஆய்வு மையத்தில் இருந்த ரோஜர் ஃபுஜியோகா, ஓவாஹு தீவின் ஓடைகளைத் தொடர்ந்து சோதித்தார். ஹொனலூலுவுக்குள் இறங்கும் மனோவா ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பசுமையான பள்ளத்தாக்கு, கீழே நகரம். நகரத்துக்குள் வந்தபின் கிருமி எண்ணிக்கை உயர்வதில் வியப்பில்லை. வீடுகளே இல்லாத மேல்பகுதியிலும் மலக் கோலிபார்ம், ஈ.கோலை, இன்னொரு குடல்வாசியான என்டரோகாக்கஸ் மூன்றுமே விதிகளைத் தாண்டி நின்றன. மழைக்குப் பிறகு இன்னும் ஏறின. கழிவுநீர்க் குழாய் உடைந்ததோ என்று தேடினால் உடைந்த குழாய் எதுவும் கிடைக்கவில்லை.

ஃபுஜியோகா மண்ணைத் தோண்டினார். ஓடைக்கரை மண்ணிலும், ஓடைக்குத் தொலைவான புல்தரை மண்ணிலும் அதே கிருமிகள். 1991-இல் மாணவி ஒருவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, ஹவாய் ஓடைகளின் ஈ.கோலைக்கும் என்டரோகாக்கஸுக்கும் மண்ணே ஊற்று என்று சொன்னது. அடுத்த கேள்வி: பறவையும் பன்றியும் விட்டுப்போன கிருமி மண்ணில் சும்மா தங்கியிருக்கிறதா, அல்லது அங்கே குடித்தனம் நடத்துகிறதா? முரளீதர பியாப்பனஹள்ளி என்ற ஆய்வாளரும் ஃபுஜியோகாவும் 1998-இல் இதற்கு விடை தந்தார்கள். ஹவாய் மண்ணில் ஊட்டமும் ஈரமும் வாய்த்தால் ஈ.கோலை பெருகுகிறது. ஆண்டு முழுவதும் உறையாத மண், 25 பாகையை ஒட்டிய வெப்பம், ஓயாத ஈரம். குடலின் வசதி இல்லாவிட்டாலும் பிழைத்துக்கிடக்க அது போதும். 2001-இல் வெப்பமண்டல நீரின் அடையாளக் கிருமிகள் பற்றி ஹொனலூலுவில் கூடிய வல்லுநர்கள், மண்ணும் செடியும் படிவும்கூட இந்தக் கிருமிகளின் இருப்பிடமாகலாம், ஆகவே இவற்றை மட்டும் வைத்துக் கழிவுநீர் கலந்ததென்று தீர்ப்புச் சொல்வது வெப்பமண்டலத்துக்குப் பொருந்தாது என்று ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பிழையையும் ஹவாயில்தான் தெளிவாக அளந்தார்கள். 1981-இல் ஃபுஜியோகா குழு கழிவுநீரைக் கடல்நீரில் கலந்து வெயிலில் வைத்தது. மலக் கோலிபார்மில் பத்தில் ஒன்பது பங்கு 30 முதல் 90 நிமிடத்துக்குள் மடிந்தது. அதே கலவை இருட்டில் நாள்கணக்கில் கிருமிகளை வைத்திருந்தது. நன்னீரில் வேகம் இதைவிடக் குறைவு, கலங்கிய நீரில் இன்னும் குறைவு. போக்கு மட்டும் ஒன்றே. வயிற்றுக் கோளாறு தரும் வைரஸ்களும், ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்றவற்றின் ஓடு மூடிய உறங்குநிலை வடிவங்களும் அத்தனை சீக்கிரம் சாவதில்லை. நடுப்பகல் 12 மணிக்கு எடுத்த நீரில் சாட்சி செத்துவிட்டது, குற்றவாளி உயிரோடு இருக்கிறான். அதிகாலையில் எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். இத்தனைக்கும் நம் அறிக்கைகளில் தேதி இருக்கும், மணி இருக்காது.

ஹவாய் இதற்கு ஒரு மாற்றுச் சாட்சியைத் தேடிப் பிடித்தது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி காற்றில்லாத குடலில் வாழும். வெளியே வந்ததும் விதைபோல உறைந்துவிடும். ஆக்சிஜன் இருக்கும் நீரில் பெருகாது. வெயிலுக்கும் எளிதில் சாகாது. ஹவாயின் மண்ணில் குறைவு, கழிவுநீரில் மிகுதி. ஈ.கோலையோ என்டரோகாக்கஸோ எகிறும்போது இதுவும் கூடியிருந்தால் கழிவுநீர், இல்லாவிட்டால் மண் என்று பிரிக்க அது உதவியது. அதற்கும் ஒரு குறை உண்டு. நெடுநாள் உறைந்து கிடப்பதால் நேற்றைய கழிவா, போன மாதத்துக் கழிவா என்று அது சொல்லாது.

மண்ணைக் காட்டித் தப்பிக்கும் ஆசை இங்கே எழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "இது எல்லாம் மண்ணுக் கிருமிதான்" என்ற வாக்கியம் ஒரு அதிகாரியின் வாயில் மிக வசதியாக அமரும். 2006 மார்ச்சில், வாரக்கணக்காகப் பெய்த மழைக்கிடையே ஹொனலூலுவின் வைகீக்கியில் கழிவுநீரை அழுத்தி அனுப்பும் பெருங்குழாய் உடைந்தது. ஆறு நாட்களில் ஏறக்குறைய 4.8 கோடி கேலன், அதாவது சுமார் 18 கோடி லிட்டர், சுத்திகரிக்காத கழிவுநீர் அலா வை கால்வாய்க்குள் திருப்பிவிடப்பட்டது. மனோவா ஓடை போய்ச் சேருவதும் அந்தக் கால்வாயில்தான். ஒரே நீரில் மண்ணின் ஈ.கோலையும் மனிதரின் ஈ.கோலையும். சோதனைக் குழாயில் இரண்டும் ஒரே குமிழியைத்தான் விடும்.

ஆக, கேள்வி மாறுகிறது. எத்தனை என்பது போய், யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆன் பெர்ன்ஹார்டும் கேத்தரின் ஃபீல்டும் இதற்கு ஒரு வழி திறந்தார்கள். குடலில் ஈ.கோலையைவிடப் பன்மடங்கு அதிகமாக இருப்பவை பாக்டீராய்டஸ் இனத்துக் கிருமிகள். ஆக்சிஜன் ஆகாது. வெளியே பெருகாது, விரைவில் மடிந்துவிடும். அதைவிட முக்கியமாக, மனிதக் குடலில் வாழ்பவையும் மாட்டின் குடலில் வாழ்பவையும் மரபணு வரிசையில் வேறுபடுகின்றன. நீரிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, மனிதருக்கே உரிய துண்டு இருக்கிறதா என்று பிசிஆர் சோதனையில் பார்க்கலாம். கொரோனா நாட்களில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த அதே முறைதான்.

இதுவும் கண்ணை மூடிக்கொண்டு இறக்குமதி செய்யக்கூடியது அல்ல. ஒடிசாவின் கிராமங்களில் இத்தகைய மரபணு அடையாளங்களைச் சோதித்தபோது, மனிதருக்கு உரியவை என்று பெயர் பெற்ற சில, வளர்ப்பு விலங்குகளின் மலத்திலும் தலைகாட்டின. மாடும் ஆடும் கோழியும் மனிதரும் ஒரே முற்றத்தில் புழங்கும் இடத்தில் குடல்வாசிகளும் கலந்துதான் இருக்கும். எந்த அடையாளம் நம் மண்ணில் வேலை செய்கிறது என்பதை நம் ஊர்ச் சாணத்தையும் மலத்தையும் வைத்தே தேர்ந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஒரு மிளகாய் வைரஸ். மிளகாய், குடைமிளகாய்ச் செடிகளைத் தாக்கி இலைகளில் வெளிறிய திட்டுகளை உண்டாக்கும் வைரஸ் அது. 2006-இல் சிங்கப்பூரையும் சான் டியேகோவையும் சேர்ந்த ஆய்வாளர்கள், நலமாக இருப்பவர்களின் மலத்தில் என்னென்ன வைரஸ்கள் இருக்கின்றன என்று பார்த்தார்கள். மனித வைரஸ்களைத் தேடியவர்களுக்குக் கிடைத்ததில் பெரும்பங்கு செடி வைரஸ். அதிலும் முதலிடம் இந்த மிளகாய் வைரஸுக்கு. உலர்ந்த மலம் ஒரு கிராமில் நூறு கோடி வரை இருந்தது. சாப்பாட்டோடு போய், செரிக்காமல் வெளியே வருகிறது. மனிதருக்கு எந்தத் தீங்கும் இல்லை. உலகின் பல நகரங்களின் கழிவுநீரில் இப்போது இதைத் தேடுகிறார்கள். மிளகாய் இல்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்காத நம் ஊர்களின் கழிவுநீரில் இது குறைவாக இருக்க வாய்ப்பில்லை.

உயிரில்லாத சாட்சிகளும் உண்டு. மாடு காபி குடிக்காது, நாய் காய்ச்சல் மாத்திரை போடாது. குடித்த காபியின் காஃபினில் மிகச் சிறு பங்கு சிதையாமல் சிறுநீரில் வருகிறது. டம்ளர் கழுவிய நீரிலும் கொஞ்சம் போகிறது. நன்றாக இயங்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் கிருமிகள் காஃபினைப் பெரும்பாலும் தின்றுவிடும். சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்போ உடலையும் கடக்கும், சுத்திகரிப்பையும் கடக்கும். சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தும் இனிப்பு மாத்திரைகள் சிலவற்றில் இருப்பது அதுதான். ஆற்றில் இரண்டும் இருந்தால் பச்சைக் கழிவுநீர் வந்து விழுகிறது. சுக்ரலோஸ் மட்டும் இருந்தால் சுத்திகரித்த நீர். இந்தப் பிரிவினையைச் சோதனைக் குழாயின் குமிழி ஒருநாளும் தராது.

இத்தகைய நுட்பங்கள் நகரக் கண்காணிப்பில் எப்படிப் பயன்படும் என்பதற்குச் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் பின்னால் இருக்கும் நீர்த்தேக்கத்துக்குத் தீவின் ஆறில் ஒரு பங்கு வடிகிறது, அதுவும் நகரத்தின் நடுப்பகுதி. சாலையிலும் நடைபாதையிலும் ஓடும் மழைநீர்தான் நாளைக்குக் குடிநீர். 1977-இல் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் பத்தாண்டுக்குள் சுத்தப்படுத்தச் சொன்னார் அன்றைய பிரதமர் லீ குவான் யூ. பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன, ஆற்றோரத்துக் குடிசைகளில் இருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள், தெருவோர உணவுக்கடைகளுக்குக் குழாயும் வடிகாலும் உள்ள கட்டடங்கள் தரப்பட்டன. வாளிக் கழிப்பறைகள் 1987-இல் முடிவுக்கு வந்தன. அந்த மாற்றத்தில் தொழிலையும் வாழிடத்தையும் இழந்தவர்கள் பலர். ஆற்றின் சுத்தத்தைப் பேசும்போது அவர்களை மறக்கக் கூடாது.

அங்கே கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் முற்றிலும் வெவ்வேறு. காகிதத்தில் வடிகாலுக்குள் மலம் வர வழியே இல்லை. ஆனால் வடமேற்கே கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்கு வடியும் பகுதிகளில் ஆய்வாளர்கள் வறண்ட நாட்களில் வடிகால் நீரைச் சோதித்தபோது, அடர்ந்த குடியிருப்புகளை ஒட்டிய வடிகால்களில் மனிதக் குடலுக்குரிய பாக்டீராய்டஸ் அடையாளம் கிடைத்தது. ஒரே வடிகாலில் மணிக்கு மணி எண்ணிக்கை மாறுவதையும் கண்டார்கள். பண்ணைகள் உள்ள பகுதிகளில் ஈ.கோலை மிகுந்தாலும் அதில் மனிதர் பங்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. பழைய முறையில் இரண்டு இடங்களும் ஒரே நிறத்தில் தெரிந்திருக்கும். புதிய முறை, நிலத்தடிக் குழாயின் கசிவை எங்கே தேடலாம் என்று காட்டியது. நாற்றம் இல்லாத, கண்ணுக்குத் தெளிவான நீரில் ஒளிந்திருக்கும் கசிவைப் பிடிக்க இத்தகைய நுண்ணிய கருவிகள் வேண்டும். அந்த வகையில் கண்காணிப்பு என்பது சிங்கப்பூருக்கு மேல்நிலைப் பாடம்.

சென்னையின் நிலை வேறு. 2022-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது 311 பகுதிகள் தேறின. அவற்றில் மிக மோசமானது கூவத்தில் ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான பகுதி. அங்கே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, நம்மவர்கள் பிஓடி என்று சுருக்கிச் சொல்வது, லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிக்கத்தக்க நீரில் அது 3-க்குள் இருக்க வேண்டும். இந்த 345 சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலுக்கு வரும் பச்சைக் கழிவுநீரின் அளவை ஒத்தது. ஆற்றில் கழிவுநீர் கலந்திருக்கிறது என்று சொல்வதே அந்தப் பகுதிக்குப் பொருந்தாத பேச்சு. அங்கே ஓடுவதே கழிவுநீர். அதில் ஈ.கோலை மண்ணிலிருந்து வந்ததா, மனிதரிடமிருந்து வந்ததா என்று மரபணுவைப் பிரித்துப் பார்ப்பது பணத்தை வீணாக்குவது.

அங்கே தேவையானது இடம். எந்தத் தெருவின் எந்த வாயிலிருந்து, எந்த மணியில், எவ்வளவு விழுகிறது என்ற கணக்கு. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்க்கப்பட்ட பகுதிகளில் பலவற்றில் அன்று பாதாள சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் லாரி. லாரிக்குக் கொடுக்கக் காசில்லாதபோதும், காசை மிச்சம் பிடிக்க நினைத்தபோதும், வாசலில் போகும் மழைநீர் வடிகாலில் ஒரு குழாயைச் சொருகிவிடுவது எளிது. சாக்கடை இணைப்பு உள்ள பழைய பகுதிகளிலும் குழாய் அடைத்துக்கொண்டால் மேன்ஹோல் வழிந்து வடிகாலுக்குத்தான் போகும். வடிகால் கால்வாய்க்குப் போகும், கால்வாய் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகும்.

ஆற்றின் நடுவே மாதம் ஒரு முறை ஒரு பாட்டில் நீர் எடுத்தால் இதில் ஒன்றும் தெரியாது. கூவத்தின் முகத்துவாரத்தை ஒட்டிய நேப்பியர் பாலத்தருகே எடுக்கும் நீரில் கடல் ஏற்றமா இறக்கமா என்பதே எண்ணை ஆளும். முகத்துவாரத்தில் மணல் திட்டு மூடியிருந்தால் ஒரு எண், திறந்திருந்தால் கடல்நீர் உள்ளே வந்து நீர்த்துவிட வேறு எண். காலையில் ஊரே குளித்து, துவைத்து, கழிப்பறை போகும் ஆறு மணி முதல் ஒன்பது மணிக்குள் கழிவு உச்சத்தில் பாயும். அந்த நேரத்தை விட்டு முற்பகலில் எடுத்தால் பாதி கதை போய்விடும். ஐப்பசியில் முதல் பெருமழை வடிகால்களில் மாதக்கணக்காகத் தேங்கிய சேற்றைக் கிளப்பி ஒரே நாளில் ஆற்றில் கொட்டும். அந்த நாளைத் தவறவிட்டால் ஆண்டின் மிக மோசமான நாள் எந்த அறிக்கையிலும் வராது.

வெதுவெதுப்பான சாக்கடை நீரைப் பற்றிக் கவலைப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. 2011-இல் வெளியான ஒரு ஆய்வில், புது டில்லியின் தெருக்களில் தேங்கிக் கிடந்த நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் 2-இலும், கடைசி மருந்து என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருக்கும் கார்பாபெனெம் வகை ஆன்டிபயாட்டிக்குகளை முறிக்கும் என்டிஎம்-1 மரபணு கிடைத்தது. அந்த மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 25 பாகையிலும் 37 பாகையிலும் நடந்ததைவிட 30 பாகையில் அதிகம் என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். அரசு அந்த ஆய்வை அன்று கடுமையாக மறுத்தது. 30 பாகை நம் தெருச் சாக்கடைக்கு ஆண்டின் பெரும்பகுதியில் இயல்பான வெப்பம்.

சென்னைக்கும், அதைப் போன்ற மதுரை, கோவை, கொழும்பு ஆகிய ஊர்களுக்கும் நான் முன்வைப்பது விலையுயர்ந்த கூடம் அல்ல. மரபணுச் சோதனையை ஏரிகளுக்கும் குடிநீர்த் தேக்கங்களுக்கும் ஒதுக்கலாம். செம்பரம்பாக்கத்துக்கும் புழலுக்கும் வந்து விழும் ஓடைகளில் மனிதக் கழிவு எட்டிப் பார்க்கிறதா என்று அறிய அது வேண்டும். அங்கே ஈ.கோலை எகிறினால் மாட்டு மந்தையா, மண்ணா, புதிதாக முளைத்த குடியிருப்பா என்று பிரித்தறியாமல் நடவடிக்கை எடுக்க முடியாது. நகரத்து ஆறுகளுக்கு அதற்கு முன்னே செய்ய வேண்டியது மிக எளிய வேலை. மழைநீர் வடிகால் பெயருக்கேற்ப மழைநீருக்கானது. வைகாசி மாதத்தில், மழை பெய்து வாரங்கள் ஆனபின், காலை ஏழு மணிக்கு அதன் வாயில் ஒரு சொட்டு நீரும் வரக் கூடாது. வந்தால் அது யாருடைய கழிவோதான். இதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி வேண்டாம்.

எந்த வீட்டிலிருந்து என்று தெரியாத இடத்தில் சலவைத்தூள் உதவும். துணியை வெண்மையாகக் காட்டுவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் பொருள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். சாயமேறாத ஒரு பருத்தித் துணியை வடிகாலில் மூன்று நாள் கட்டிவைத்து, கழுவி, இருட்டறையில் கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கைக் காட்டினால் போதும். துணி ஒளிர்ந்தால் அந்தப் பக்கம் ஒரு வீட்டின் கழிவு வருகிறது. ஒளிராவிட்டால் அடுத்த கிளை. ஒவ்வொரு மூடியாகத் திறந்து மேல்நோக்கிப் போக வேண்டும். உள்ளே யாரையும் இறக்காமல், கயிற்றில் கட்டித் துணியை மட்டும் இறக்க வேண்டும். கிளை, அடுத்த கிளை, அதற்கடுத்த சந்து என்று போனால், கடைசியில் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும் ஒரு நாலங்குல பிவிசி குழாயின் முன்னால் போய் நிற்கலாம்.